ஆடி மாசத்து ஜப்பான் கேசட்

நம் பள்ளி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டாள், "இந்த வயசுல என்னடி கார்ட்டூன் பாத்துட்டிருக்கே?" என்று. கூடவே பல்லைக் காட்டும் மஞ்சள் மூஞ்சிகள் பத்து. மற்றவர்களும் சேர்ந்துகொண்டீர்கள். முழங்கால் தைலத்தையும் சர்க்கரைக்கு எந்த அரிசி நல்லது என்பதையும் பேசி அலுத்த நேரத்தில் நான் கிடைத்தேன். பரவாயில்லை. ஆனால் அது கார்ட்டூன் இல்லை, ஜப்பான்காரர்கள் எடுக்கும் அனிமே. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் அரைமணி நேரம் பேசுவேன், அதனால் கேட்காதீர்கள்.

எப்படி இது ஒட்டிக்கொண்டது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதில்தான் வருத்தம். நாம் ஏழாம் வகுப்பு படித்த வருடம் ஆடி மாதத்தில் ஆரம்பித்தது இது. தொண்ணூறுகளின் தொடக்கம். கேபிள் வயர் அப்போதுதான் நம் தெருக்களுக்குள் மாமரத்திலும் முருங்கை மரத்திலும் தொங்கிக்கொண்டு வந்தது. காற்றடித்தால் படம் போய்விடும். ஆடியில் காற்று அடிக்காத நாள் ஏது? பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று, துவைத்துப் போட்ட பாவாடையைப் பக்கத்து வீட்டுக் கூரையில் கொண்டுபோய் வைத்துவிடும். கூடவே ஒரு பொடித்தூறல், நனைந்தோமா இல்லையா என்று சந்தேகமாக.

அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். மில்லின் பெயர் வேண்டாம், இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள்தான் இருக்கின்றன. வேலை முடிந்து வந்தால் கையில் கிரீஸும் தலைமுடியில் பஞ்சும் இருக்கும். அந்த வருடம் மில்லுக்கு ஜப்பானிலிருந்து நூல் சுற்றும் மெஷின் வந்தது. நூல் அறுந்தால் ஆள் போய் முடிச்சுப் போட வேண்டியதில்லை, ஒரு சின்ன இரும்புக் கை வந்து தானே இணைத்துவிடும் என்று அப்பா சாப்பிடும்போது சொன்னார். சொல்லிவிட்டு, சோற்றுக் கையை அப்படியே நிறுத்தி விரலை மடக்கிக் காட்டினார். அவருக்கு அந்த மெஷின் மேல் ஆசையும் பயமும் ஒன்றாக இருந்தன. ஏனென்றால் பழைய ஷெட்டை மூடப்போகிறார்கள். பழைய ஷெட்டில் ஒன்பது ஃபிட்டர்கள். புது மெஷினுக்கு நான்கு பேர் போதும். மீதி ஐந்து பேர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அப்பா பத்தாவதோடு நின்றவர், மற்றவர்களில் பாதிப்பேர் டிப்ளமோ.

மெஷினைப் பொருத்திப் பூட்டிக் கொடுக்க ஜப்பானிலிருந்து ஒருவர் வந்து மில் கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தார். அப்பா வயதுதான் இருக்கும். தமிழ் கிடையாது, ஆங்கிலமும் பத்து வார்த்தைதான். அப்பாவுக்கும் அதே பத்து வார்த்தைதான் என்பதால் இருவருக்கும் ஒத்துப்போனது என்று அம்மா சொல்வாள்.

ஆடி பிறந்த வாரத்தில் ஜப்பானிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே மெஷினுக்கான பெல்ட்டுகள், தடித்த புத்தகங்கள், ஒரு வீடியோ கேசட். கேசட்டின் மேல் ஜப்பானிய எழுத்து. ஸ்டோர் கீப்பர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெஷினை ஓட்டச் சொல்லித்தரும் கேசட் என்று முடிவு செய்தார். மேனேஜரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் ஆடியில் யார் புது வேலையைத் தொடங்குவார்கள்? மெஷினையே ஆவணி முதல் முகூர்த்தத்தில் பூஜை போட்டுத்தான் ஓட்டுவதாக ஏற்பாடு. அதுவரை கேசட்டையும் ஓட்டக்கூடாது என்று சொல்லி, கேசட் பெட்டிக்குச் சந்தனப்பொட்டு வைத்து ஸ்டோர் அலமாரியில் பூட்டிவிட்டார்கள். தேர்வாகும் நான்கு பேருக்கு மட்டும்தான் ஆவணியில் போட்டுக்காட்டுவார்களாம்.

அப்பாவின் மூளை இங்கேதான் வேலை செய்தது. ஆடி முடியும்வரை யாரும் அந்தப் பெட்டியைத் தொடப்போவதில்லை. அதற்குள் பார்த்துப் படித்துவிட்டால் நான்கு பேரில் ஒருவராகிவிடலாம். பேரிங் வாங்க ஸ்டோருக்குப் போனவர், ஸ்டோர் கீப்பர் அலமாரியைத் திறந்துவிட்டு ரசீதுப் புத்தகம் தேடப் போன நேரத்தில், சந்தனப்பொட்டு வைத்த பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, கேசட்டை மட்டும் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் அப்பா அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ஆணிகூட எடுத்து வந்ததில்லை. கேபிள் நடத்திக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, பழைய வீடியோ டெக் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். அப்பா புது நோட்டு, பென்சில், ஸ்கேல் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

பொம்மைப்படம் ஓடியது.

படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. மேலே ஒரு பட்டை உருண்டுகொண்டே இருந்தது. அந்த ஊர்க் கேசட்டு வேறு முறை, நம்ம டெக்கில் கலர் வராது என்று மாமா சொன்னார். மேகத்துக்கு மேலே ஒரு மரப்படகு பறக்கிறது. அதில் ஒரு சிறுமி. காற்று எங்கே பிறக்கிறது என்று தேடிக்கொண்டு போகிறாள். பாஷை புரியாமல் இது எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு ஊரிலும் இறங்கியதும் விரலை நனைத்துக் காற்றில் நீட்டிப் பார்ப்பாள், பிறகு அந்தத் திசையைக் கை காட்டுவாள், படகு கிளம்பும். வெளியே காற்று எங்கள் வீட்டுக் கூரை ஓடுகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வேறு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாமா சிரித்தார். "மச்சான், ஜப்பான்காரன் உங்களை நல்லா ஏமாத்திப்போட்டான்" என்றார்.

அப்பா சிரிக்கவில்லை. "கம்பெனி பார்சல்ல சும்மா பொம்மைப்படம் அனுப்புவாங்களா? உள்ள விஷயம் இருக்கும். நம்மள மாதிரி ஆளுங்களுக்குப் புரியோணும்னு படமா வரைஞ்சு குடுத்திருக்காங்க" என்றார்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சுகாதாரத் துறைக்காரர்கள் கொசுவைப் பற்றிச் சொல்ல முதலில் பொம்மைப்படம் போடுவார்களே, அந்த நினைப்பு அவருக்கு. அவரது கெட்ட நேரமோ என் நல்ல நேரமோ, இரண்டாம் பாகத்தில் படகின் பாய்க்கயிறு அறுந்தது. உடனே ஒரு மரக் கை தானாக வந்து அதை முடிச்சுப் போட்டது. அப்பா எழுந்தே விட்டார். "பாத்தியா கண்ணு, வந்துருச்சு" என்றார். அதற்கப்புறம் அவரை யாரும் அசைக்க முடியவில்லை.

அடுத்த மூன்று வாரம் அந்தக் கேசட் எங்கள் வீட்டில் ஓடாத சாயங்காலம் இல்லை. அப்பா படகின் பல்சக்கரங்களை எண்ணி நோட்டில் வரைந்தார், எது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அம்புக்குறி போட்டார். நிறுத்தச் சொன்னால் நான் நிறுத்துவேன், பின்னால் ஓட்டச் சொன்னால் ஓட்டுவேன். இப்படி முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டி எனக்கு மொத்த கேசட்டும் மனப்பாடமாகிவிட்டது. பாட்டு, பேச்சு, நாய் குரைப்பது, எல்லாம். ஐந்துகல் ஆடும்போது நான் என்னவோ முணுமுணுத்தேன் என்று என்னைக் கேலி செய்தீர்களே, அது இதுதான். அந்தச் சிறுமியின் சட்டை என்ன நிறம் என்று மட்டும் தெரியவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன், சட்டை மாம்பழ மஞ்சள், முடி கறுப்பு.

கேசட்டில் மூன்று பாகங்கள். மூன்றாவது முடிந்ததும் திரையில் கொஞ்ச நேரம் புள்ளிப் புள்ளியாக இரைந்தது. அதன்பின் பொம்மை இல்லாத ஒரு நிஜப் பெண்பிள்ளை வந்தாள். என் வயது. முன்பல் ஒன்று இல்லை. தாழ்வான மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கதவுப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு நிமிடம் பேசினாள். அவ்வளவுதான், கேசட் முடிந்தது.

"விளம்பரம்" என்றார் அப்பா. பல் இல்லாததால் பற்பசை விளம்பரம் என்று மாமா சேர்த்துச் சொன்னார்.

அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். "விளம்பரமாட்டத் தெரியலீங்க. அந்தப் புள்ள யாருக்கோ எதையோ ஒளிச்சுச் சொல்லுது. மூஞ்சியப் பாருங்க" என்றாள். யாரும் பார்க்கவில்லை. நான் அவள் பேசியதையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டேன்.

இப்போது எனக்கு அதன் பொருள் தெரியும். சரவணம்பட்டியில் கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அங்கே படிக்கும் பிள்ளைகள் பென் டிரைவில் அனிமே கொண்டுவந்து கொடுத்தார்கள். வருடக்கணக்காகப் பார்த்தேன். கீழே ஓடும் எழுத்து இல்லாமலே புரிய ஆரம்பித்தது. அனிமே எனக்கு என்ன தந்தது என்கிறீர்களா? ஒரு பாஷையைத் தந்தது. நாற்பது வயதில் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே அந்தப் பிள்ளை பேசியதை வழக்கம்போல முணுமுணுத்தேன், ஒவ்வொரு சொல்லாகப் புரிந்துகொண்டே வந்தது. குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றேன்.

அவள் சொன்னது இதுதான்: "அப்பா, அம்மா உங்களிடம் சொல்லக்கூடாது என்றாள், தூரத்தில் இருந்து கவலைப்படுவீர்களாம். எனக்குத் தொண்டையில் ஆபரேஷன். ஆகஸ்டு மாதம் முதல் திங்கட்கிழமை. அதற்கப்புறம் ஒரு வாரம் நான் பேசக்கூடாதாம். அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணுங்கள். சாயங்காலம் நானே போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கொஞ்சம் பயமாக இருக்கிறது."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேசட் எங்கள் வீட்டு டெக்கில் இருந்தது. அப்பா படகின் சுக்கானை வரைந்துகொண்டிருந்தார்.

அந்த நாட்களில் அப்பா சாப்பிடும்போது சொல்வார், "அந்த ஜப்பான்காரர் தெனமும் ஸ்டோருக்கு வந்து டேப், டேப்ங்கறாரு. ஆடி போகட்டும்னு சொல்லியனுப்பிச்சுட்டாங்க."

"எதுக்குங்க கேக்கறாரு?" என்பாள் அம்மா.

"மெஷினை ஓட்டிக்காட்டறதுக்குத்தான். வேற எதுக்கு?"

மகள் ஏதோ படம் பதிவு செய்து அனுப்புகிறாள் என்ற அளவுக்குத்தான் அந்த ஜப்பான்காரருக்கே தெரிந்திருக்கும். அதோடு கம்பெனிப் பார்சலில் வீட்டுச் சாமானை வைத்து அனுப்புவது அவர்களிடம் தப்பாக இருந்திருக்கலாம். அதனால்தான் அவரும் முழுதாகச் சொல்லாமல் டேப், டேப் என்றே நின்றுவிட்டார் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆடி முடிய இரண்டு மூன்று நாட்கள் இருக்கும்போது ஸ்டோர் கீப்பர் பூஜைக்காக அலமாரியைத் துடைத்தார். பெட்டி லேசாக இருக்கிறதே என்று திறந்து பார்த்தால் காலி. மேனேஜர் ஒன்பது ஃபிட்டர்களையும் வரிசையாக நிற்க வைத்தார். வேறு மில்லுக்கு விற்க எவனோ எடுத்திருக்கிறான், திங்கட்கிழமைக்குள் கேசட் வராவிட்டால் போலீஸ், எடுத்தவனுக்கு அன்றோடு கணக்கு முடியும் என்றார். அப்பா அன்று வீட்டுக்கு வந்து சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை.

"திரும்ப அலமாரியிலயே வெச்சுடலாமான்னு பாக்கறேன்" என்றார்.

"பூட்டின அலமாரிக்குள்ள கேசட்டு தானா நடந்து போச்சுன்னு சொல்லுவீங்களா?" என்றாள் அம்மா. "தெனமும் கேட்டாரில்லீங்க அந்த மனுசன், அவர் கையிலயே குடுத்துப்போடுங்க. அவர் என்ன சொல்றாரோ சொல்லட்டும்."

"அவர் மேனேஜர்ட்டச் சொன்னா வேலை போயிரும்."

"சொல்லாட்டியும் போயிரும்ங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா கச்சாயம் சுட்டு ஒரு தூக்குப்போசியில் போட்டாள். அதை வைத்த பையில், போசிக்கு அடியில், துணியில் சுற்றிய கேசட். வெறுங்கையோடு ஒரு ஆள் கெஸ்ட் ஹவுஸுக்குப் போனால் வாட்ச்மேன் கேட்பான், குழந்தையும் பலகாரமுமாகப் போனால் கேட்கமாட்டான் என்பதால் என்னையும் கேரியரில் ஏற்றிக்கொண்டார் அப்பா. வழியெல்லாம் நான் அழுதுகொண்டே போனேன், வேலை போய்விடும் என்று இல்லை, கேசட் போகிறதே என்றுதான். அதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஜப்பான்காரர் மில்லில் கொடுத்த லுங்கியைக் கட்டிக்கொண்டு, பனியனோடு, முற்றத்தில் தன் துணிகளைத் தானே காயப்போட்டுக்கொண்டிருந்தார். அப்பா துணியைப் பிரித்துக் கேசட்டை நீட்டினார். அவர் ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். வெளிநாட்டுக்காரர்களுக்காக அங்கே எல்லா நாட்டுக் கேசட்டும் ஓடுகிற டெக் வைத்திருந்தார்கள். அப்போதே போட்டார்.

கலரில் வந்தது. அந்தச் சிறுமியின் முடி பச்சை நிறம். சட்டை ஊதா. எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. எவனோ தப்பாகச் சாயம் அடித்துவிட்டான் என்று நினைத்தேன். இன்றைக்கும் அவளை மாம்பழ மஞ்சளில்தான் நினைக்க முடிகிறது.

அவர் படத்தை வேகமாக ஓட்டிக்கொண்டே போனார். கடைசியில் அந்தப் பெண்பிள்ளை வந்ததும் கையை எடுத்துவிட்டார். தரையில் உட்கார்ந்தார். அவள் பேசினாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். பழக்கதோஷம், என் வாயும் அவளோடு சேர்ந்து பேசியது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார், மறுபடியும் என்னை. நான் நிறுத்தவில்லை. நிறுத்தவேண்டும் என்று தோன்றவில்லை.

முடிந்ததும் அவர் எழுந்து சுவரில் தொங்கிய மில் காலண்டருக்குப் போனார். முதல் திங்கட்கிழமையில் விரலை வைத்தார். அங்கிருந்து அன்றைய தேதிவரை விரலை நகர்த்தினார். பதின்மூன்று நாள். விரலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

அப்பா அதைப் பார்த்து, கேசட்டை எத்தனை நாள் வைத்திருந்தோம் என்று கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்துவிட்டார். "நாந்தானுங்க எடுத்தேன். கொழந்தை மேல தப்பில்லீங்க. படிச்சுக்கலாம்னுதான் எடுத்தேனுங்க" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசலில் கார் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போக வந்த மேனேஜர் உள்ளே நுழைந்தார். அப்பாவைப் பார்த்தார். டெக்கின் வாயிலிருந்து பாதி வெளியே வந்திருந்த கேசட்டைப் பார்த்தார்.

"நீ எதுக்கு இங்க வந்தே? இந்தக் கேசட்டு எப்படி வந்துச்சு?"

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் ஜப்பான்காரர் காலண்டரை விட்டு விலகி வந்து இருவருக்கும் நடுவில் நின்றார்.

"மை பேக்" என்றார். "டேப், மை பேக். ஐ ஃபர்கெட். ஐ ஆம் சாரி." லுங்கியோடு இடுப்பு வரை குனிந்தார். நிமிர்ந்து தூக்குப்போசியைக் காட்டினார். "ஹி பிரிங் ஸ்வீட்." திரும்பவும் குனிந்தார்.

மேனேஜருக்கு நம்பிக்கை இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவ்வளவு பெரிய மெஷினைப் பூட்டுகிறவர் தன் முன்னால் குனிந்து நிற்கும்போது மேலே என்ன கேட்பது? "சரி சரி, கெடைச்சுதே, அது போதும்" என்று சொல்லிவிட்டார்.

ஆவணியில் மெஷின் ஓடியது. கேசட் வேண்டாம் என்று ஜப்பான்காரரே பக்கத்தில் நின்று ஓட்டிக்காட்டினார். நான்கு பேரில் அப்பா மூன்றாவது. மில் மூடும்வரை அந்த மெஷினில்தான் இருந்தார். பொம்மைப்படத்து மரக் கையைப் பார்த்துத்தான் இரும்புக் கையைப் புரிந்துகொண்டேன் என்று சொல்வார், பொய்யில்லை. ஜப்பான்காரரைப் பற்றிப் பேச்சு வந்தால், நல்ல மனுசன், வெறும் பொம்மைப்படம்தானே என்று விட்டுவிட்டார் என்பார்.

பாத்திரம் கழுவிய அன்று சாயங்காலமே நான் அப்பாவிடம் போனேன். சொல்லலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். எழுபது தாண்டியவர், முப்பது வருடம் லேசான மனதோடு வைத்திருந்த ஒன்றை நான் போய்ப் பாரமாக்க வேண்டுமா? ஆனால் அந்தப் பிள்ளை பேசியதைத் தெரிந்துகொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. வரிக்கு வரி தமிழில் சொன்னேன்.

அப்பா விரலை மடக்கி நாள்களை எண்ணினார்.

"அப்ப அந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள அவர் போன் பண்ணியிருக்கமாட்டாரா?"

"எப்படிங்கப்பா பண்ணுவாரு? நாம குடுத்த அன்னிக்குத்தான அவருக்கே தெரியும்."

"காலண்டர்ல கை வெச்சுட்டு நின்னாரே, அதுக்கா?"

"ஆமாங்கப்பா."

"அதைக் கேட்டுப்போட்டு, அடுத்த நிமிசமே வந்து எனக்காகப் பொய் சொன்னாரா?"

நான் தலையாட்டினேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போடவில்லை.

"அவங்க பாஷையில மன்னிச்சுக்கங்கன்னு எப்படிக் கண்ணு சொல்றது?"

அது நிறைய வகை இருக்கிறது, காலை மிதித்தால் ஒன்று, தாமதமாக வந்தால் ஒன்று என்று நான் ஆரம்பித்தேன்.

"எது பெருசோ அதைச் சொல்லிக்குடு" என்றார்.

நீளமாக இருந்தது. மூன்று துண்டாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தேன். நாக்கு புரளவில்லை. திருத்தினேன். நான்காம் தடவை நாற்காலியிலிருந்து எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தப்பில்லாமல் முழுதாகச் சொன்னார்.